எட்டாம் கிரேடுக்குப் பிறகு: இளையோர் வயலின் போட்டியும் குமரி மாவட்டப் பிள்ளைகளும்

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் வயலின் கற்கும் பிள்ளைகளின் பெற்றோர் ஆசிரியர்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எட்டாம் கிரேடு முடித்துவிட்டாள். இனி வெளிநாட்டுப் போட்டிக்கு அனுப்பலாமா, சார்?" (லண்டனின் டிரினிட்டி கல்லூரி போன்றவை நடத்தும் மேற்கத்திய இசைத் தேர்வுகளில் எட்டாம் கிரேடுதான் கடைசிப் படி.) ஜெனீவாவில் 2018இல் பத்து வயதுச் சிறுவனும் பதினோரு வயதுச் சிறுமியும் இசைக்குழுவுக்கு முன் நின்று விவால்டி வாசித்த காணொளிகள் கைப்பேசிகளில் சுற்றத் தொடங்கிய பிறகு இந்தக் கேள்வி கூடியிருக்கிறது. "அதற்கெல்லாம் நம்மால் முடியாது" என்று மடக்கிவிடுவதும் தவறு. "பயிற்சி செய்தால் எதுவும் முடியும்" என்று முதுகில் தட்டி அனுப்புவதும் தவறு. அந்தப் போட்டி எப்படிப்பட்டது, எதை அளக்கிறது, மேடையில் நிற்கும் பிள்ளைக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டுதான் பதில் சொல்ல வேண்டும்.

அந்தக் காணொளிகள் மெனுஹின் போட்டியைச் சேர்ந்தவை. அமெரிக்காவில் பிறந்த வயலின் மேதை யெஹூதி மெனுஹின் 1983இல் இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டன் நகரில் அதைத் தொடங்கினார். அவரே சிறு வயதில் உலகப் புகழ் பெற்றவர். 1929இல், பதின்மூன்று வயது நிறையும் முன்பே, பெர்லினில் ஒரே மாலையில் பாக், பீத்தோவன், பிராம்ஸ் ஆகிய இசையமைப்பாளர் மூவரின் கான்செர்ட்டோக்களை, அதாவது இசைக்குழுவுடன் ஒருவர் தனித்து வாசிக்கும் படைப்புகளை, வாசித்தார். இளம் மேதை என்ற பட்டம் பிள்ளையின் தோளில் ஏற்றும் பாரத்தைச் சுமந்து பார்த்தவர் அவர். 1963இல் இளம் இசைக் கலைஞர்களுக்கென்று ஒரு பள்ளியை நிறுவினார். இருபது ஆண்டுகள் கழித்தே போட்டி வந்தது. பள்ளி முதலில், போட்டி பிறகு என்ற அந்த வரிசையை நம் பெற்றோர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

போட்டியில் இரண்டு பிரிவுகள். பதினாறு வயதுக்குக் குறைந்தவர்கள் இளையோர், இருபத்திரண்டுக்குக் குறைந்தவர்கள் மூத்தோர். கார்டிஃப், ஓஸ்லோ, பெய்ஜிங், ஆஸ்டின், லண்டன், ஜெனீவா என்று ஊர் மாறி மாறி நடந்தது. அமெரிக்காவின் ரிச்மண்டில் 2020இல் நடக்க வேண்டியது, கொரோனாவால் தள்ளிப்போய் 2021இல் இணையவழியில் நடந்தது. முதல் சுற்றிலேயே வெளியேறும் பிள்ளையும் கடைசி நாள்வரை தங்கி, நடுவர்களிடம் வகுப்புகளில் பாடம் கேட்கலாம், சுற்றுவட்டாரக் கச்சேரிகளில் வாசிக்கலாம் என்பது இந்தப் போட்டியின் தனிச்சிறப்பு. தோற்ற அன்றே பெட்டியைக் கட்டி அனுப்பும் வழக்கம் அங்கே இல்லை. 1995இல் இங்கே வென்ற ஜூலியா ஃபிஷரும், 2008இல் மூத்தோர் பிரிவில் வென்ற ரே சென்னும் இன்று உலக மேடைகளில் முன்வரிசைக் கலைஞர்கள்.

தமிழ் வாசகருக்கு மெனுஹின் அந்நியர் அல்லர். 1952இல் நேருவின் அழைப்பில் இந்தியா வந்தார். 1965இல் எடின்பரோ விழாவில் லால்குடி ஜெயராமனின் வாசிப்பைக் கேட்டு, தம்முடைய இத்தாலிய வயலின் ஒன்றையே அவருக்குப் பரிசளித்தார்.

இனி போட்டி நடக்கும் விதம். பெரும்பாலான சர்வதேசப் போட்டிகளில் முதல் வடிகட்டல் காணொளி மூலம் நடக்கிறது. வெட்டி ஒட்டாத, ஒரே மூச்சில் எடுத்த பதிவு வேண்டும். பியானோத் துணை தேவைப்படும் உருப்படி என்றால் பியானோவுடன்தான் வாசிக்க வேண்டும். அதில் தேறியவர்களையே நேரில் அழைப்பார்கள். பிறகு இரண்டு மூன்று சுற்றுகள். கடைசிச் சுற்று இசைக்குழுவுடன்.

எந்தச் சுற்றில் எதை வாசிக்கச் சொல்கிறார்கள் என்று பார்த்தால் நடுவர்கள் தேடுவது என்ன என்று புரியும். பாக் 1720இல் படி எடுத்து முடித்த தனி வயலின் சொனாட்டாக்களும் பார்த்திதாக்களும் ஏறக்குறைய எல்லாப் போட்டிகளிலும் இடம்பெறும். துணைக்கு யாரும் இல்லை. ஒரே வயலினில் இரண்டு மூன்று குரல்கள் ஒரே நேரத்தில் நடப்பதுபோல் வாசிக்க வேண்டும். ஒரு விரல் மயிரிழை பிசகினாலும் சுரக்கூட்டு கசந்துவிடும், மறைத்துக்கொள்ள இடமே கிடையாது. பாகனினி தனி வயலினுக்கு எழுதிய 24 கேப்ரிஸ் உருப்படிகள் வேறு ரகம். வில் தந்தியின் மேல் துள்ள வேண்டும், இடது கை விரல்களே தந்தியைச் சுண்ட வேண்டும், பத்து சுரத் தூரத்தை ஒரே கையால் எட்டிப் பிடிக்க வேண்டும். மொட்சார்ட் கேட்பதற்கு எளிது, வாசிப்பதற்குக் கொடியது. அதில் வேகத்தைக் காட்டி யாரையும் மயக்க முடியாது. ஒவ்வொரு சுரமும் எங்கே தொடங்குகிறது, எப்படி அடங்குகிறது என்பது வெளிச்சம் போட்டதுபோல் தெரியும். போட்டிக்கென்றே புதிதாக எழுதப்பட்ட உருப்படி ஒன்றைச் சில வாரங்களுக்கு முன் அனுப்புவதும் பல இடங்களில் வழக்கம். அதற்கு யாருடைய ஒலிப்பதிவும் கிடையாது. பிள்ளை தானே படித்து, தானே பொருள் கொள்ள வேண்டும். காணொளியைப் பார்த்துப் பார்த்து வாசிக்கப் பழகிய பிள்ளைகள் தடுமாறும் இடம் இதுதான்.

ஆகவே கிரேடுத் தேர்வும் போட்டியும் ஒரே பாதையில் முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு நிறுத்தங்கள் அல்ல. டிரினிட்டி கிரேடுத் தேர்வில் 60 மதிப்பெண் பெற்றால் தேர்ச்சி, 75க்கு மெரிட், 87க்கு டிஸ்டிங்ஷன். அறையில் ஒரு தேர்வாளர், முன்பே வரையறுத்த அளவுகோல், அதற்கு எதிரே பிள்ளை. ஒரு கல்வியாண்டு முழுவதும் மூன்று உருப்படிகளையும் சில பயிற்சிகளையும் மட்டும் தேய்த்து எட்டாம் கிரேடு வரை போய்விடலாம், போகிறவர்களும் இருக்கிறார்கள். போட்டியில் அளவுகோலே வேறு. உலகெங்குமிருந்து வந்த இருபது இருபத்திரண்டு பிள்ளைகள் ஒருவருக்கொருவர் அளவுகோல். மணிக்கணக்கில் வாசிக்கத்தக்க உருப்படிகள் விரல் நுனியில் இருக்க வேண்டும். எட்டாம் கிரேடு நல்ல அடித்தளம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பாகனினி அங்கிருந்து வெகுதூரம். சான்றிதழ் வந்த அன்றே பிள்ளையிடம் அந்தத் தூரத்தை மறைத்துப் பேசுவது அவளுக்குச் செய்யும் அநியாயம்.

தீர்ப்பு எவ்வளவு நம்பத்தக்கது என்ற கேள்வியும் உண்டு. வார்சாவில் 1935இல் நடந்த முதல் வீனியாவ்ஸ்கி போட்டியில் பதினைந்து வயது பிரெஞ்சுச் சிறுமி ஜினெட் நெவ்யூ முதலிடம் பெற்றார். இரண்டாமிடம் அவரைவிடப் பதினோரு வயது மூத்த சோவியத் கலைஞர் தாவீத் ஒய்ஸ்திராக். இரண்டே ஆண்டுகளில், 1937இல், ஒய்ஸ்திராக் பிரஸ்ஸல்ஸில் முதலிடம் வென்றார். நெவ்யூ முப்பது வயதில் விமான விபத்தில் மாண்டார். இன்றைக்கு இருவரின் ஒலிப்பதிவுகளையும் கேட்பவர்களில் யாரும் 1935இன் வரிசையை வைத்து அவர்களை மதிப்பிடுவதில்லை. பிரஸ்ஸல்ஸ் போட்டியே பிற்காலத்தில் எலிசபெத் அரசியார் பெயரில் வளர்ந்தது. அதன் பல்லாண்டு முடிவுகளைப் பொருளியலாளர்கள் ஆராய்ந்து 1996இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். யார் எந்த நாளில் வாசிப்பது என்பது சீட்டுக் குலுக்கலில் முடிவாகிறது. அப்படியிருந்தும், இறுதிச் சுற்று வாரத்தில் பிந்திய நாளில் வாசித்தவர்களுக்குச் சாதகம் இருந்தது புள்ளிவிவரத்தில் தெரிந்தது. நடுவர்கள் நேர்மை தவறினார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. முதல் நாள் கையை இறுக்கி மதிப்பெண் போடுவது மனித இயல்பு. தம் மாணவருக்கு மதிப்பெண் இடக் கூடாது என்ற விதி போட்டிகளில் பரவலாக இருக்கிறது. சீட்டின் விதியைத் திருத்தத்தான் வழியில்லை.

கருவியின் விலை பற்றிய கவலை நம் பெற்றோருக்கு அதிகம். மெனுஹின் போட்டியில் 2021இல் மூத்தோர் பிரிவில் வென்ற ஸ்பெயின் நாட்டு மரியா டுயெனாஸுக்கு 20,000 டாலரோடு, இத்தாலியின் ஸ்ட்ராடிவாரி முந்நூறு ஆண்டுகளுக்கு முன் செய்த ஸ்ட்ராடிவேரியஸ் வயலின் ஒன்றும் இரண்டு ஆண்டுக் கடனாகக் கிடைத்தது. இதைக் கேட்டதும், அப்படிப்பட்ட கருவி இல்லாமல் எதுவும் நடக்காது என்று தோன்றும். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் போட்டி 2010இல் நடந்தபோது, அங்கே கூடியிருந்தவர்களில் 21 வயலின் கலைஞர்களின் கண்ணை மறைத்து ஒரு சோதனை செய்தார்கள். மூன்று பழைய இத்தாலிய வயலின்கள், மூன்று புதியவை. பலரும் விரும்பித் தேர்ந்தெடுத்தது புதிய வயலின் ஒன்றைத்தான். மிகக் குறைவாக விரும்பப்பட்டுக் கடைசிக்குப் போனது ஒரு ஸ்ட்ராடிவேரியஸ். முந்நூறு ஆண்டுப் பழைய கருவி இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளையும் பின்தங்கவில்லை.

பின்தங்க வைக்கும் கருவிச் சிக்கல் வேறு, அது நம் வீடுகளுக்குள்ளேயே இருக்கிறது. வளரும் பிள்ளைக்கு வயலினும் வளர வேண்டும். எட்டில் ஒன்று, கால், அரை, முக்கால், முழு என்று அளவுகள் உண்டு. அடுத்தடுத்து வாங்க முடியாமல், கைக்குப் பெரிய வயலினை முன்கூட்டியே கொடுத்து "வளர்ந்துவிடுவாள்" என்று விட்டுவிடுகிறார்கள். கை நீண்டு நீண்டு மணிக்கட்டு கோணிக்கொள்கிறது. அந்தக் கோணலைத் திருத்த இரண்டு வருடம் பிடிக்கும். அப்புறம் நம் ஊர் ஈரம். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தொடங்கினால், தந்தியை முறுக்கும் பிருடைகள் ஊதி இறுகிவிடும், திருப்பினால் அசையாது. மாசி மாதத்தில் அதே பிருடை வழுக்கி, சுருதி சேர்த்து முடிக்கும் முன் தந்தி தளர்ந்துவிடும். வழுக்கும் பிருடையைக் கழற்றிச் சாக்பீஸ் தேய்ப்பதும், இறுகியதற்குக் காய்ந்த சோப்பைப் பூசுவதும் இங்கே பிள்ளைகளுக்கும் தெரிந்த வைத்தியம். கடற்கரை ஊர்களில் எஃகுத் தந்தி சீக்கிரம் துருவேறும். ஐப்பசி மழையில் மேல்பலகையின் பசை விட்டு ஓரம் பிளந்தால், ஒட்டித் தருபவரைத் தேடித் திருவனந்தபுரம் போக வேண்டியிருக்கிறது. போட்டிக் காணொளி எடுக்க வேண்டிய வாரத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜெனீவாவில் முதல் பரிசைப் பகிர்ந்துகொண்ட இருவருக்கும் பின்னால் என்ன இருந்தது? சிங்கப்பூரின் குளோயி சுவா நான்கு வயது முதல் நன்யாங் நுண்கலைக் கழகத்தின் இளந்திறனாளர் பள்ளியில் ஒரே ஆசிரியரிடம் பயின்றவர். ஆஸ்திரேலியாவின் கிறிஸ்டியன் லீ மெல்பர்ன் நகரில் தேசிய இசைக் கழகத்தின் ஆசிரியர் ஒருவரிடம் பயின்றவர். வாரந்தோறும் பாடம், வாரந்தோறும் பியானோ வாசிப்பவருடன் ஒத்திகை, சிறுவர் இசைக்குழுவில் இடம், வாசித்துக் காட்டச் சிறு அரங்கு. இவையெல்லாம் அந்த நகரங்களில் தண்ணீர்க் குழாய்போல் இருக்கின்றன, திறந்தால் வரும். மேடையில் தனியாக நிற்பது பிள்ளை. வாசிப்பது ஊர் என்றே சொல்லத் தோன்றுகிறது.

அப்படியானால் குமரி மாவட்டத்தில் என்ன இருக்கிறது? வயலின் இங்கே நேற்று வந்த சரக்கு அல்ல. இன்றைய குமரி மாவட்டம் முன்பு திருவிதாங்கூரின் பகுதி; 1949 முதல் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதி. திருவிதாங்கூரின் சுவாதித் திருநாள் மகாராஜா, தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு 1834இல் தந்தத்தால் செய்த வயலினைப் பரிசளித்தார். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரோடு வடிவேலுவும் சேர்ந்து இந்த ஐரோப்பியக் கருவியைக் கருநாடக இசைக்குள் நிலைக்கச் செய்தவர்களாகச் சொல்லப்படுகிறார்கள். இன்றும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சரஸ்வதி, வேளிமலையிலிருந்து குமாரசுவாமி, சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை என்று மூன்று விக்கிரகங்கள் குழித்துறை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் போகின்றன. அங்கே நவராத்திரி மண்டபத்தில் சரஸ்வதிக்கு முன் மாலைதோறும் நடக்கும் கச்சேரியில் சுவாதித் திருநாள் கிருதிகள் மட்டுமே பாடப்படும். பக்கவாத்தியமாக வயலின் இருக்கும். யாரும் கைதட்ட மாட்டார்கள். பல தலைமுறைகளாக ஆண்கள் மட்டுமே பாடிவந்த அந்த மண்டபத்தில் 2006இல் முதல் பெண்ணாகப் பாடியவர், நம் எல்லையை ஒட்டிய பாறசாலையைச் சேர்ந்த பொன்னம்மாள். மதிப்பெண்ணும் கைதட்டலும் இல்லாத இடத்தில் இசை எவ்வளவு தீவிரமாக இருக்க முடியும் என்று காட்ட, போட்டிக்குப் போகும் பிள்ளையை ஒருமுறை அங்கே அழைத்துப் போக வேண்டும்.

இன்னொரு ஓடை தேவாலயங்களின் வழியாக வந்தது. 1806இல் மயிலாடிக்கு மிஷனரி ரிங்கல்தௌபே வந்து லண்டன் மிஷன் பணி வேரூன்றியது. ஆங்கிலப் பாமாலைகளை நான்கு குரலில் பாடும் பழக்கம் ஆலயங்களில் பரவியது. கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரங்களில் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ஒரு மாலை நடந்து போனால், ஒவ்வோர் ஆலயத்திலும் பாடகர் குழு ஒத்திகை கேட்கும். கீபோர்டு, கிட்டார், ஓரத்தில் இரண்டு மூன்று வயலின். மேற்கத்திய இசைக்குக் காது பழகிய பிள்ளைகளைத் தமிழ்நாட்டில் இவ்வளவு அடர்த்தியாக வேறு எங்கே பார்க்க முடியும் என்று எனக்கு வியப்பாகவே இருக்கும்.

இந்த இரண்டு ஓடைகளிலும் வயலின் ஒன்றுதான், கை வேறு. கருநாடகக் கலைஞர் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, வயலினின் சுருள்தலையை வலது கணுக்காலில் சாய்த்துக்கொள்கிறார். கருவி இரு முனையிலும் தாங்கப்படுவதால் இடது கை விடுதலையாகி, தந்தியின் மேல் மேலும் கீழும் வழுக்கிக் கமகம் பிறக்கிறது. மேற்கத்திய வாசிப்பில் நின்றுகொண்டு தாடைக்கும் தோளுக்கும் நடுவே கருவியைப் பிடிக்கிறார்கள். இடது கை நிலைகளுக்கு நிலை தாவுகிறது. சுருதி சேர்ப்பதும் வேறு. அங்கே நான்கு தந்திகளும் ஐந்து சுர இடைவெளியில் நிற்கும், சுருதி உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றே. இங்கே ச-ப-ச-ப, அதுவும் பாடுகிறவரின் கட்டைக்கு ஏற்ப மாறும். ஐந்து வருடம் கருநாடக முறையில் தேர்ந்த பிள்ளையை "வயலின்தானே" என்று மெனுஹின் போட்டி மாதிரியான ஒன்றுக்குத் தயார் செய்யத் தொடங்குவது, கையை அடியிலிருந்து மாற்றும் வேலை. அவளுடைய பலம் கற்பனைச் சுரமும் ராக ஆலாபனையும், கேட்டவுடன் வாசிக்கும் காதும். இந்த மேடைகளில் அவற்றுக்கு இடம் மிகக் குறைவு. சென்னை மார்கழி மேடைகளே அவளுக்கான உலகம், அது எந்த விதத்திலும் தாழ்ந்ததல்ல. எல். சுப்பிரமணியம் போன்றவர்கள் கருநாடக இசையில் ஊறி முடித்து, பிறகு மேற்கத்திய இசையில் முறையாகப் பட்டம் படித்தார்கள். ஒன்றில் வேர் பிடித்த பின்புதான் அடுத்ததற்குக் கை நீட்டினார்கள்.

ஆலய ஓடையில் வளரும் பிள்ளைக்குக் காது இருக்கிறது, கிரேடு இருக்கிறது. இல்லாதவை எவை என்று பார்த்தால், முதலில் பியானோத் துணை. கீபோர்டில் கோர்டு பிடித்துப் பாடலைத் தாங்கும் திறமை வேறு, பிராம்ஸ் சொனாட்டாவில் வயலினுக்குச் சமமாக நின்று வாதாடும் பியானோ வேறு. வயலின் பிள்ளைகளைத் தேடிப் பிடிக்கும் நாம், இரண்டு பியானோ பிள்ளைகளைச் சேர்த்து வளர்க்க நினைப்பதில்லை. அடுத்தது, கூடி வாசிக்கும் பழக்கம். நம் ஆலயங்களில் மூன்று வயலின் இருந்தால் மூன்றும் மேல்குரலையே, அதாவது சொப்ரானோ வரியையே வாசிக்கின்றன. ஆறு பிள்ளைகள் இருந்தாலும் அதே கதை. பக்கத்தில் இருப்பவர் வேறொன்றை வாசிக்கும்போது தன் வரியை விடாமல் காப்பது, அவருடைய சுருதிக்குத் தன் விரலை மயிரிழை நகர்த்திச் சேர்ப்பது, மூச்சு விடும் இடத்தைச் சேர்ந்து எடுப்பது ஆகியவற்றைத் தனி வகுப்பில் எந்த ஆசிரியரும் கற்றுத்தர முடியாது. போட்டியின் இறுதிச் சுற்றில் இசைக்குழுவுக்கு முன் நிற்கும்போது தேவைப்படுவது இதுதான்.

ஆகவே "அனுப்பலாமா" என்று கேட்கும் அம்மாவுக்கு என் பதில்: இந்த ஆண்டு வேண்டாம். பிள்ளைக்குப் பதினான்கு வயதென்றால் இளையோர் பிரிவின் கதவு ஏறக்குறைய மூடிவிட்டது என்று நினைத்துப் பதறவும் வேண்டாம். மூத்தோர் பிரிவுக்கு இருபத்திரண்டு வரை இடமிருக்கிறது. பெரியவர்களுக்கான போட்டிகளில் முப்பதை ஒட்டிய வயதுவரை வாசிக்கிறார்கள். இப்போதைக்கு நல்ல ஆசிரியரிடம் பாக் தனி வயலின் உருப்படிகளில் ஒன்றைத் தொடங்கட்டும். ஜெனீவா இறுதிச் சுற்றுக் காணொளிகளை வேகத்துக்காகப் பார்க்காமல், வில் எந்த இடத்தில் திரும்புகிறது, இசைக்குழு மட்டும் வாசிக்கும்போது அந்தப் பிள்ளைகள் எங்கே பார்க்கிறார்கள் என்பதற்காகப் பார்க்கட்டும்.

பாடகர் குழுத் தலைவர்களிடம் கேட்க வேண்டியது வேறு. பாமாலையின் நான்கு குரல் சுரப்பிரதி உங்கள் கையில் இருக்கிறது. அது தந்தி நால்வர் குழுவுக்கு அப்படியே பொருந்தும். சொப்ரானோ முதல் வயலினுக்கு. ஆல்ட்டோ, அதாவது இரண்டாம் குரல், பெரும்பாலும் வயலினின் கடைசித் தந்திக்குக் கீழே இறங்காது, ஆகவே அது இரண்டாம் வயலினுக்கு. மூன்றாம் குரலான டெனர் அதற்கும் கீழே போகும், அதற்கு வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த ஒலியுடைய வயோலா வேண்டும். வயோலா கிடைக்காவிட்டால் முழு அளவு வயலின் ஒன்றில் மிக மேல் தந்தியைக் கழற்றி, மற்ற மூன்று தந்திகளை ஒவ்வோர் இடம் தள்ளி, கீழே வயோலாவின் தாழ்ந்த சுருதியில் ஒரு புதிய தந்தியைச் சேர்த்தால் ஆரம்பத்துக்குப் போதும். அதற்கான சுரக்குறி வேறு, சில வாரங்களில் பழகிவிடும். பாஸ் வரிக்கு செல்லோ வரும்வரை கீபோர்டு நிற்கட்டும். இந்த டிசம்பர் ஒத்திகையில் மூன்று வயலினையும் ஒரே சொப்ரானோ வரியில் நிறுத்தாமல் தனித்தனி வரிகளுக்குப் பிரித்து, ஒரே ஒரு பாடலை இப்படி வாசிக்க வையுங்கள். இரண்டாம் வயலின் பிள்ளை முதல் வாரம் சொப்ரானோவுக்கு இழுபட்டுப் போகும். மூன்றாம் வாரம் போகாது.